கவுன்சிலிங் மேடத்தைத் தேடிப் போனது

எட்டாம் மாதத்தில் ஒரு காலை வயிற்றுக்குள் அசைவு இல்லை. குளிர்ந்த தண்ணீர் குடித்துப் பார்த்தேன். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று ஒரு பிடி சர்க்கரையை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பெண், அதுவரை எனக்கும் தெரியும்படி இருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு அவர் சொன்னது எதுவும் எனக்குப் புதிதாக இல்லை.

மருந்து ஏற்றி வலியை வரவழைத்தார்கள். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய முதல் குழந்தை. வெளியே வந்ததும் நர்ஸ் பச்சைத் துணியில் சுற்றினார். "இன்னா குழந்தைங்க?" என்று கேட்டேன். "பொண்ணும்மா" என்றார். காட்டச் சொல்லலாமா என்று நான் யோசிப்பதற்குள், கூட இருக்க விட்டிருந்த என் மாமியார் உள்ளங்கையால் என் கண்ணைப் பொத்தினார்.

"வாணாம்மே. பாத்தா மனசு தாங்காது. பாக்காமலே போவட்டும்."

அத்தையின் கையில் வெங்காய வாசம் இருந்தது. சமையலைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

என் கணவரும் அவருடைய சித்தப்பாவும் குழந்தையை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனார்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. சாயங்காலம் அவர் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து என் கட்டில் ஓரம் நின்றார். "டீ குடிக்கிறியா?" என்று கேட்டார். குடித்தேன்.

வீட்டுக்கு வந்த பிறகு பால் கட்டிக்கொண்டது. குழந்தை இல்லை என்பது உடம்புக்குத் தெரியவில்லை. ஜாக்கெட் நனைந்து, மார்பு கல்லாக இறுகி, கையைத் தூக்க முடியாமல் வலித்தது. அத்தை மல்லிகைப் பூவை வாங்கிவந்து மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். பால் வற்றும்வரை பழைய பூவை எடுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பூ வைப்பார். வீடு முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் ஒரு நிமிடம் குழம்பிப் போய் நின்றார்கள்.

எங்கள் வீடு அயனம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம், மாடியில் இரண்டு அறை. என் கணவர் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கார்களுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் மெஷின் ஆபரேட்டர். நான் கரையான்சாவடியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன், வயிறு பெரிதானதும் நின்றுவிட்டேன். குழந்தை போன பிறகு திரும்பப் போகவில்லை. கடைக்காரர் இரண்டு முறை ஆள் அனுப்பினார். சட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து சின்னச் சின்ன கவுன்களுக்குப் பில் போடுவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிறகு நாட்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. காலையில் அவர் ஷிப்டுக்குக் கிளம்பும்போது எந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேனோ, திரும்பி வரும்போதும் அங்கேயே இருப்பேன். தலை வாரவில்லை. அத்தை தட்டில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடுவேன், கொடுக்காவிட்டால் பசி என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது. ஒரு நாள் அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது பால் காய்ச்சப் போய் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டேன். பற்ற வைக்கவில்லை. கீழ் வீட்டுக்காரர் வாடை அடித்து மேலே ஓடி வந்து ஜன்னலைத் திறந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். நான் அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேனாம்.

"வோணும்னே செஞ்சியா?" என்று என் கணவர் கேட்டார். வேலையிலிருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், கையெல்லாம் கிரீஸ்.

"தெரியல மாமா" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு என்னைக் காப்பீட்டு மருந்தகத்துக்குக் கூட்டிப் போனார். கம்பெனி சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கிற தொழிலாளர் காப்பீடு அது. அட்டையில் முதலில் அவர் பெயர், அடுத்து என் பெயர், அதற்கடுத்து அத்தை பெயர். அதுவரை காய்ச்சலுக்கும் அத்தையின் சர்க்கரைக்கும்தான் அதை நீட்டியிருக்கிறோம். மருந்தக டாக்டர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் கம்மி என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதினார். என் கணவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சார், அது இல்ல சார். கேஸத் தொறந்து உட்டுட்டா சார்."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். வேறொரு தாளை எடுத்து, காப்பீட்டின் பெரிய ஆஸ்பத்திரிக்கு மனநலப் பிரிவு என்று எழுதிக் கொடுத்தார்.

பெரிய ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் வரிசை சுவரோரமாகத் திரும்பி மாடிப்படி வரைக்கும் நின்றது. உள்ளே போனவர்கள் போன வேகத்தில் வெளியே வந்தார்கள். டாக்டர் நல்லவர், ஆனால் அவர் கை எழுதிக்கொண்டே இருந்தது. "தூக்கம் வருதா? பசி எடுக்குதா? செத்துடலாம்னு தோணுதா?" மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார். கதவு திறந்தே இருந்தது, அடுத்த ஆள் பாதி உள்ளே வந்து நின்றிருந்தார். நான் இல்லை என்றேன். எந்தக் கேள்விக்கு இல்லை என்றேன் என்று அவரும் கேட்கவில்லை.

மாத்திரை தூக்கம் கொடுத்தது. இருட்டான, கனமான தூக்கம். எழுந்தால் நாக்கு தடித்திருக்கும். சில மாதம் அப்படிப் போன பிறகு ஒரு முறை மழை, வரிசையில் கூட்டமில்லை. அன்றுதான் டாக்டர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்திர மட்டும் பத்தாதும்மா உங்களுக்கு. ஒரு சமூகப் பணியாளர்கிட்ட உக்காந்து பேசணும். மனநலத்துக்குன்னே படிச்சவங்க இருக்காங்க. வாரம் ஒரு தடவ, நிதானமா."

"எங்க சார் இருப்பாங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"இங்க அந்தப் போஸ்ட் காலியா கெடக்கு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம். வேற எங்கயாவது விசாரிச்சுப் பாருங்க."

வெளியே வந்ததும் அவர் மழைக்கு ஒதுங்கி நின்று பீடி பற்ற வைத்தார். "சமூகப் பணின்னா இன்னாம்மே? வெள்ளம் வந்தா அரிசி பருப்பு குடுப்பாங்களே, அவுங்களா?"

"கவுன்சிலிங் குடுக்கற மேடமா இருக்கும்" என்றேன். கடையில் கூட வேலை பார்த்த பெண் ஒருத்தி அப்படி யாரிடமோ போனதாகச் சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்த ஆளுக்குக் கவுன்சிலிங் மேடம் என்றே பெயர். யாரென்று தெரியாத, எங்கே இருக்கிறார் என்று தெரியாத ஒருவரைத் தேட ஆரம்பித்தோம்.

காப்பீட்டின் உதவி எண்ணுக்குப் போன் செய்தால் பாட்டு ஓடும். பாட்டு முடிந்ததும் லைன் கட்டாகும். ஒரு தடவை ஒரு குரல் எடுத்து, காப்பீட்டோடு ஒப்பந்தம் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றது. அங்கே போனோம். கண்ணாடிக் கதவு, பளபளக்கும் தரை. காப்பீட்டு மேஜையில் டை கட்டிய பையன் கம்ப்யூட்டரில் எதையெதையோ தட்டிப் பார்த்தான்.

"கவுன்சிலிங்குக்குன்னு கோட் நம்பர் இல்லைங்களே. ஆபரேஷன், டயாலிசிஸ்னா போடலாம். பேசறதுக்குன்னு தனியா கோட் வரல."

"கோட் இல்லனா?"

"கைக்காசு குடுத்துப் பாக்கலாங்க."

கைக்காசு எவ்வளவு என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினோம். "வெட்டித் தெச்சா துட்டு குடுப்பானுங்க போல. ஒக்காந்து பேசினா குடுக்க மாட்டானுங்க" என்றார் அவர். பஸ் ஸ்டாப் வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் அப்படி ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கும் ஆள் இல்லை. எனக்கு என்னவோ போலிருந்தது.

கவுன்சிலிங் மேடம் கிடைத்தது வரிசையில் நின்ற ஒரு அம்மாவால். பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் அவரைப் பார்ப்பேன். தானாகச் சிரித்துக்கொண்டிருக்கும் வளர்ந்த மகனின் சட்டை நுனியைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நிற்பார். என் கணவர் கவுன்ட்டரில் விசாரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அந்த அம்மா என்னிடம் சொன்னார்.

"இன்னாம்மா, பேசறவங்களத் தேடிகினு கீறீங்களா? ஐயப்பன்தாங்கல் டிப்போல எறங்கி வேற பஸ்சு மாறிப் போவணும், அந்தாண்ட ஒரு சின்ன ஆஸ்பத்திரி கீது. இதே கார்டுதான். அங்க ஒரு பொண்ணு ஒக்காந்துகினு கீது. எம்புள்ள அதாண்ட மட்டும்தான் வாயத் தொறக்கறான். மாத்திரைய இங்க வாங்கிகினு பேச்சுக்கு அங்க போறோம்."

ஆனால் அங்கே போக மருந்தகத்தில் கடிதம் வேண்டும். மருந்தக டாக்டர் அது எங்கள் ஏரியாவுக்கு வராது என்றார். மறுபடி போனோம், அன்றும் அதையே சொன்னார். அடுத்த முறை அவர் லீவில் இருந்தார், அவருக்குப் பதிலாக வந்திருந்த டாக்டரம்மா எதுவும் கேட்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். அத்தனை வாரம் ஏன் கிடைக்கவில்லை, அன்றைக்கு ஏன் கிடைத்தது என்று எங்களுக்குப் புரியவில்லை.

அந்தப் பெண்ணின் அறை முன்பு சாமான் போட்டு வைத்த இடமாக இருந்திருக்க வேண்டும். மூலையில் உடைந்த சக்கர நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. கதவுக்குப் பதில் ஒரு திரை. அவள் என்னைவிடச் சின்னவள், சுடிதார் போட்டு அடையாள அட்டையைத் தொங்கவிட்டிருந்தாள். பேச்சில் தெற்குச் சீமை தெரிந்தது. திரையை இழுத்துவிட்டு வந்து, மேஜைக்கு அந்தப் பக்கம் உட்காராமல் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முதல் நாள் நான் எதுவும் பேசவில்லை. பேசத்தான் அத்தனை தூரம் அலைந்தோம். உட்கார்ந்ததும் வாய் கட்டிப்போயிற்று. "காலையில என்னக்கா சாப்ட்டீங்க?" என்று கேட்டாள். இட்லி என்றேன். "எத்தன பஸ்சு மாறி வந்தீங்க?" என்று கேட்டாள். சொன்னேன். பிறகு இரண்டு பேரும் சும்மா இருந்தோம். வெளியே ஒருவர் டோக்கன் எண்ணைக் கத்திக்கொண்டிருந்தார். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ கேட்டாள்.

"பாப்பாவப் பாத்தீங்களாக்கா?"

அத்தனை நாளில், அத்தனை டாக்டர்களில், அத்தனை சொந்தக்காரர்களில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. இல்லை என்று தலையாட்டினேன்.

"எங்க வச்சிருக்காங்கன்னு தெரியுமா?"

"தெரியாது. அவருக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் எனக்கே ஒன்று விளங்கியது. அவர் சாப்பிட உட்காரும்போதெல்லாம் நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். சோற்றைப் பிசைகிற அந்தக் கை குழந்தையைத் தொட்டிருக்கிறது, மண்ணைத் தள்ளியிருக்கிறது. என் வயிற்றில் இருந்த ஒன்றைப் பற்றி அந்தக் கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. அவர் என் தோளில் கை வைத்தால் நான் விலகிப் போனது அதனால்தான். அவர் அதை வேறு மாதிரி நினைத்திருப்பார். இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். திக்கித் திக்கித்தான் சொன்னேன். ஆனால் முதல் முறையாக ஒரு முழு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லியிருந்தேன்.

"அவரக் கூட்டிட்டு வர முடியுமாக்கா?" என்று கேட்டாள்.

அவர் லேசில் வரவில்லை. ஷிப்ட் என்றார், சூப்பர்வைசர் திட்டுவார் என்றார். "எனுக்கு இன்னா? நான் நல்லாதான கீறேன்" என்றார். அத்தைக்கு விஷயம் தெரிந்ததும் முகம் சுருங்கியது. "பொதச்சத ஏன் கெளர்றீங்க? எனக்கும்தான் இவனுக்கு முன்னாடி ரெண்டு போச்சு. எங்கன்னு நான் யாரக் கேட்டேன்?" என்றார். கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டே சொன்னார். எனக்கு அது அன்றுதான் தெரியும், என் கணவருக்கும் அன்றுதான் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்த்தோம். அவர் காயிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அடுத்த வாரம் என் கணவர் வந்தார். திரைக்குள் வந்ததும் எங்கே உட்காருவது என்று தெரியாமல், கழற்றிப் போட்டிருந்த ஒரு சக்கரத்தின் மேல் உட்காரப் போனார். அந்தப் பெண் எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தாள்.

"அண்ணே, அன்னைக்கு நடந்தது அக்காவுக்கு எதுவுமே தெரியல. நீங்க சொன்னாத்தான் தெரியும். சொல்ல முடியுமா?"

அவர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

"இன்னாத்த மேடம் சொல்றது. ஆட்டோல போனோம். சித்தப்பா வாங்கிக்கறேன்னாரு. நான் குடுக்கல. மடிலயே வெச்சிகினு போனேன்."

"பாப்பா முகத்தப் பாத்தீங்களா?"

கைக்குட்டையை நான்காக மடித்தார். "துணிய வெலக்கிப் பாத்தேன். முடி நெறைய இருந்துச்சி. நெத்தி வரைக்கும். ஒதடு மட்டும் கருத்துக் கெடந்துச்சி. மத்தபடி தூங்கற மாறிதான். மூக்கு..." என்னைப் பார்க்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். "இவ மூக்கு."

நான் என் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன். அந்தப் பெண் என் முதுகில் கை வைத்தாள்.

"பூந்தமல்லி தாண்டி எங்க அப்பா வழி ஊரு ஒண்ணு கீது மேடம். அங்க எங்காளுங்க எடுகாடு. ஒரு முள்ளு மரம், அதுக்குக் கீழ வெச்சோம். நாய் தோண்டிடக் கூடாதுன்னு மேல கல்லு வெச்சேன். ஊட்டுக்கு வந்து எப்டி மேடம் சொல்றது இத? எங்கம்மா சொல்லாதன்னுச்சி. இவளும் கேக்கல. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். ஒண்ணியும் கேக்கவே இல்ல."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். விலகத் தோன்றவில்லை. போரூர் பக்கம் நெரிசலில் பஸ் நின்றது நின்றபடி இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று இருந்தது.

அவருக்கு வார லீவு வந்த அன்று காலையிலேயே இரண்டு பேரும் போனோம். வழியில் ஒரு பெட்டிக்கடையில் பால் பாக்கெட் ஒன்று வாங்கினேன். குழிக்குப் பால் ஊற்றுவார்கள் என்று தெரியும், செத்துப் பிறந்த குழந்தைக்கு ஊற்றலாமா என்று தெரியாது. கேட்க ஆளில்லை, வாங்கிவிட்டேன்.

இடுகாட்டில் முள்மரம் இல்லை. மரமே இல்லை. யாரோ பக்கத்து நிலத்துக்கு வீட்டுமனை போட்டிருந்தார்கள், புதிதாக ஒரு நீளமான மதில் எழும்பியிருந்தது. மதிலுக்கு இந்தப் பக்கம் முழுவதும் இடித்த வீடுகளின் செங்கல்லும் சிமென்ட் கட்டியுமாகக் கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மட்டப்படுத்தியிருந்தார்கள். டைல்ஸ் உடைசல் வெயிலில் மின்னியது.

அவர் நடந்தார். "இங்கதான்" என்றார். பிறகு, "இல்ல, ரோட்லேர்ந்து வந்தா இந்தக் கைப்பக்கம்" என்று வேறு இடத்துக்குப் போனார். ரோட்டுக்கே திரும்பிப் போய், அன்று ஆட்டோவிலிருந்து இறங்கிய இடத்திலிருந்து மறுபடி நடந்து வந்தார். "சித்தப்பா முன்னாடி போனாரு. நான் பின்னாடி. அப்போ வெயிலு மூஞ்சில அடிச்சிது." காலை வெயில் இப்போது முதுகில் அடித்தது. திடீரென்று குனிந்து செங்கற்களை அள்ளி வீச ஆரம்பித்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. நான் போய் அவர் கையைப் பிடித்தேன்.

"உடு மாமா. போதும்."

அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அதக்கூட ஒழுங்கா வெச்சிக்கத் தெரியல என்னால" என்றார். குழந்தை போனதிலிருந்து அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். சத்தம் போட்டு அழுதார். மதிலுக்கு அந்தப் பக்கம் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்கள்.

பாலை எங்கே ஊற்றுவது என்று தெரியவில்லை. எல்லா இடமும் ஒரே மாதிரி இருந்தது. ஏதோ ஓர் இடத்தில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. பாக்கெட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் அத்தை அதை எடுத்து டீ போட்டார். எதற்கு வாங்கிய பால் என்று நான் சொல்லவில்லை. மூன்று பேரும் குடித்தோம்.

அடுத்த முறை அந்தப் பெண்ணிடம் எல்லாம் சொன்னேன். அவள் ஆறுதலாக ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "இப்படி இருக்கும்னு நான் நெனக்கலக்கா" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நீங்க போனது தப்புன்னு தோணுதா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை என்றேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

அதன் பிறகும் சில வாரம் போனேன். வீட்டில் சமைக்க ஆரம்பித்திருந்தேன். மருதாணி வைத்துக்கொள்ளச் சொன்னாள் அந்தப் பெண், வைத்துக்கொண்டேன். அப்போதுதான் ஒரு நாள் டோக்கன் கவுன்ட்டரில் என் கார்டு ஏறவில்லை.

"ஆக்டிவ்ல இல்லம்மா. கம்பெனிலேர்ந்து பணம் வரல."

என் கணவரின் கம்பெனியில் ஆபரேட்டர்களை எல்லாம் ஒரு கான்டிராக்டரின் கணக்குக்கு மாற்றியிருந்தார்கள். வேலை அதே வேலை, மெஷினும் அதே மெஷின். சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பிடித்தார்கள், ஆனால் பிடித்ததைக் கட்டவில்லை. அவர் போய்க் கேட்டார். "அடுத்த மாசம் ஏறிடும் அண்ணாத்தே, டென்சன் ஆவாத" என்றானாம் கான்டிராக்டரின் ஆள். அடுத்த மாதமும் அதையே சொன்னான். ரொம்பக் கேட்டவர்களுக்கு ஷிப்ட் குறைந்தது. அவர் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

நான் இன்னொரு முறை சும்மா போய்ப் பார்த்தேன். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. எப்படியோ தெரிந்து அவள் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். பஸ் ஸ்டாப் நிழலில் இரண்டு பேரும் நின்றோம்.

"டோக்கன் இல்லாம உங்களப் பாக்க எனக்கு அனுமதி இல்லக்கா. சண்ட போட்டுப் பாத்தேன்." டிபன் பாக்ஸைக் கையிலேயே வைத்திருந்தாள், திறக்கவில்லை. "மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க. கார்டு இல்லாட்டியும் கவர்மென்ட் ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. போவீங்களா?"

"போறேன்" என்றேன். பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

போகவில்லை. மறுபடி வரிசை, மறுபடி மூன்று கேள்வி என்று நினைத்ததுமே கிளம்பத் தோன்றவில்லை. மாத்திரை தீர்ந்தது. பழையபடி உட்கார்ந்த இடத்திலேயே உட்கார ஆரம்பித்தேன். அந்த மாதங்கள் முன்பு இருந்ததைவிட மோசம். முன்பு எனக்கு வெளிச்சம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அத்தை என்னைத் தனியாக விட்டுவிட்டு எங்கும் போவதில்லை. கடைக்குப் போனால் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிப் பையில் போட்டு எடுத்துப் போவார்.

கடைசியில் நானே வேலைக்குப் போவது என்று முடிவு செய்தேன். முடிவு என்று சொல்வது பெரிய வார்த்தை. கீழ் வீட்டுப் பெண் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், நான் உள்ளேயிருந்து கேட்டேன். மறுநாள் தலை வாரிக்கொண்டு அவளோடு போனேன். ஏதாவது கேட்க வேண்டுமா என்றார் அங்கிருந்த சூப்பர்வைசர் அம்மா.

"இன்சூரன்ஸ் கார்டு குடுப்பீங்களா மேடம்? கம்பெனியே நேரா பணம் கட்டுமா?"

அவர் சிரித்தார். "எல்லாரும் சம்பளம் எவ்ளோன்னு கேப்பாங்க. நீ இன்னாம்மா கார்டக் கேக்கற?"

நாள் முழுக்க நின்றுகொண்டு மாத்திரைப் பட்டைகளை அட்டைப் பெட்டியில் அடுக்குகிற வேலை. முதல் வாரம் கால் வீங்கிவிட்டது. என்ன மாத்திரை என்று பெட்டியில் எழுதியிருக்கும், நான் படிப்பதில்லை. சில மாதம் கழித்து அட்டை வந்தது. இந்த முறை முதலில் என் பெயர். அடுத்து அவர் பெயர், பக்கத்தில் கணவர் என்று போட்டிருந்தது.

மறுபடி கடிதம் வாங்கி, டிப்போவில் பஸ் மாறிப் போனேன். அந்தப் பெண் அங்கே இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதே அறையில் கொஞ்சம் வயதான ஒருவர் இருந்தார். மூக்குக் கண்ணாடி, கசங்காத சட்டை. நான் முன்பே இங்கே வந்திருக்கிறேன் என்று சொன்னேன். கம்ப்யூட்டரில் தேடினார்.

"பழசெல்லாம் உங்க வீட்டுக்காரர் நம்பர்ல இருந்திருக்கும்மா. இது புது நம்பர். எனக்கு ஒண்ணும் காட்டல. நீங்க மொதல்லேர்ந்து சொல்லிடுங்களேன்."

எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. அந்தப் பெண்ணிடம் சொல்ல எனக்கு எத்தனை வாரம் பிடித்தது. இவர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தேன், அடுத்த லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாது. எட்டாம் மாதத்தில் ஒரு காலை என்று ஆரம்பித்தேன்.

இப்போது மாதம் ஒரு முறை போகிறேன். மாத்திரையும் தொடர்கிறது. நன்றாக இருக்கிறேனா என்று கேட்டால், வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், கீழ் வீட்டுப் பெண்ணின் குழந்தையைத் தூக்கச் சொன்னால் தூக்குகிறேன். என் கணவர்தான் மாறிவிட்டார். அந்த இடுகாட்டிலிருந்து வந்த பிறகு கொஞ்ச நாளில் குடிக்க ஆரம்பித்தார், இப்போது ஷிப்ட் முடிந்து நேராக வீட்டுக்கு வருவதில்லை. மெஷினுக்கு முன்னால் கை நடுங்குகிறது என்று கூட வேலை செய்கிறவர்கள் வந்து என்னிடம் சொல்கிறார்கள்.

"அட்டைல உன் பேரும் கீது மாமா. ஒரு தடவ வா. நான் கூட ஒக்காந்துக்கறேன்" என்று ஒவ்வொரு மாதமும் சொல்கிறேன்.

"நீ போய்ட்டு வாம்மே" என்கிறார்.

போய்விட்டு வருகிறேன்.